முக அழகுக்குப் பொன்விகிதம் உண்டா? ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

வைகைக்கரை எழுதியது:

வணக்கம். என் அக்கா மகள் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். கைபேசியில் ஒரு செயலி முகத்தின் மீது கோடுகள் போட்டு, பொன்விகிதத்துக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பெண் கொடுக்கிறது. அவளுக்குக் குறைந்த மதிப்பெண்தான் வந்தது. மூக்கும் தாடையும் விகிதம் தவறியவை என்று சிவப்புக் கோடு போட்டுக் காட்டியிருக்கிறது. அன்றிலிருந்து மூக்கை அறுவைச் சிகிச்சையில் திருத்திக்கொள்வது பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாள். முகத்தில் என்ன இருக்கிறது, குணம்தான் முக்கியம் என்று வீட்டில் எல்லோரும் சொல்லிப் பார்த்தாயிற்று. அவள் காதில் ஏறவில்லை. ஏறாததில் எனக்கு வியப்பும் இல்லை, ஏனென்றால் அவள் கேட்பது குணத்தைப் பற்றி அல்ல. பொன்விகிதம் எனப்படும் 1.618 என்ற எண்ணுக்கும் அழகுக்கும் உண்மையில் தொடர்பு உண்டா? இல்லையென்றால் ஒரு முகம் அழகாகத் தெரிவது எதனால்? படித்தவர்கள் விவரமாக எழுதினால் அப்படியே அவளிடம் காட்டுவேன்.

பல்வரிசை எழுதியது:

நான் பல் சீரமைப்பு மருத்துவர். முகத்தை அளப்பது எங்கள் அன்றாட வேலை என்பதால் முதலில் நானே எழுதிவிடுகிறேன்.

பொன்விகிதம் யூக்ளிட் காலத்திலிருந்தே அறியப்பட்ட கணித விகிதம். 1509இல் லூக்கா பாச்சோலி அதைப் பற்றி வெளியிட்ட நூலுக்கு டாவின்சி வடிவப் படங்கள் வரைந்து கொடுத்தார். மனித உடல் முழுவதும் இந்த விகிதத்தில்தான் அமைந்திருக்கிறது என்ற கருத்தைப் பரப்பியவர் அடால்ஃப் சைசிங் என்ற ஜெர்மானியர். அது 1854. முகத்துக்கென்று ஒரு முகமூடி வரைபடத்தை உருவாக்கியவர் ஸ்டீபன் மார்க்வர்ட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர். இன்றைய செயலிகள் போடும் கோடுகள் அந்த முகமூடியைத்தான் நினைவூட்டுகின்றன.

இதில் அடிப்படையான ஓட்டை ஒன்று இருக்கிறது. முகத்தில் அளக்கக்கூடிய இடைவெளிகள் ஏராளம். எந்த இரண்டை எடுத்து வகுப்பது என்பதை நாமே தேர்ந்தெடுத்தால், 1.6க்கு அருகில் ஏதாவது ஒன்று கட்டாயம் கிடைக்கும். அழகான முகத்திலும் கிடைக்கும், எல்லா முகத்திலும் கிடைக்கும்.

சரி, உண்மையில் எந்த விகிதம் பிடிக்கிறது என்று சோதித்தவர்கள் இருக்கிறார்கள். பமேலா பாலெட், ஸ்டீபன் லிங்க், காங் லீ ஆகியோரின் ஆய்வு 2010இல் வந்தது. ஒரே பெண்ணின் முகத்தை எடுத்துக்கொண்டு, கண்ணுக்கும் வாய்க்கும் உள்ள தொலைவையும் இரு கண்களுக்கு இடையிலான தொலைவையும் மட்டும் கூட்டியும் குறைத்தும் காட்டினார்கள். கண்ணுக்கும் வாய்க்கும் உள்ள தொலைவு முக நீளத்தில் 36 விழுக்காடாகவும், கண்களுக்கு இடையிலான தொலைவு முக அகலத்தில் 46 விழுக்காடாகவும் இருந்தபோது அந்த முகம் பலருக்கும் பிடித்தது. இரண்டுமே பொன்விகிதம் அல்ல. அந்த இரண்டு எண்களும் சராசரிப் பெண் முகத்தின் அளவுகளோடு ஒத்துப்போயின. தனிச்சிறப்பான மந்திர எண் எதுவும் தேவைப்படவில்லை.

உங்கள் அக்கா மகளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். 1999இல் கோகிச் குழுவினர் சிரிக்கும் வாய்களின் படங்களில் சிறுசிறு குறைகளைச் செய்து, பல் சீரமைப்பு மருத்துவர்களிடமும் பொதுமக்களிடமும் காட்டினார்கள். மேல் பல்வரிசையின் நடுக்கோட்டை 4 மில்லிமீட்டர் ஒருபுறம் நகர்த்தியபோது எங்கள் துறையினர் கண்டுபிடித்தார்கள். பொதுமக்களும் பொதுப் பல் மருத்துவர்களும் அந்த அளவு விலகலைக்கூடக் கவனிக்கவில்லை. அளந்து பார்ப்பவர் கண்ணுக்குப் படும் குறைக்கும் பேசிக்கொண்டிருப்பவர் கண்ணுக்குப் படும் குறைக்கும் இவ்வளவு வேறுபாடு இருக்கிறது.

செம்பருத்தி எழுதியது:

மருத்துவர் ஐயா சொன்ன "சராசரி" என்பதுதான் இந்தத் துறையின் மையம். உளவியலில் முகம் உணர்தல் பற்றித்தான் நான் ஆய்வு செய்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுத அனுமதியுங்கள்.

கதை லண்டனில், குற்றவாளிகளின் படங்களிலிருந்து தொடங்குகிறது. பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞருக்குக் குற்றவாளிகளுக்கென்று தனி முக அமைப்பு இருக்கும் என்ற எண்ணம் இருந்தது. சிறைக் கைதிகளின் படங்களை ஒரே ஒளிப்படத் தகட்டின் மீது ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்தார். பொதுவான குற்றவாளி முகம் தெளிவாக எழுந்து வரும் என்று எதிர்பார்த்தார். வந்தது வேறு. தனித்தனிக் கைதிகளைவிடக் கலப்பு முகம் நன்றாக இருந்தது. 1878இல் இதை வெளியிட்டார். 'உயர்ந்தவர்கள்' மட்டும் பிள்ளை பெற்று மனித இனத்தை மேம்படுத்த வேண்டும் என்னும் இனமேம்பாட்டியல் என்ற கொடிய கருத்துக்கு 1883இல் பெயர் வைத்தவரும் இதே கால்டன்தான். முகத்தைப் பார்த்து மனிதரைத் தரம் பிரிக்கும் ஆசை இந்தத் துறையின் தொட்டிலிலேயே இருந்தது. முகத்துக்கு மதிப்பெண் போடும் எதைப் பார்த்தாலும் எனக்கு அந்த நினைவு வருகிறது.

நூறாண்டுக்கு மேல் கழித்து, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜூடித் லாங்லோயிஸும் லோரி ரோக்மனும் கணினியில் இதைச் செய்தார்கள். மாணவர்களின் முகங்களை 2, 4, 8, 16, 32 என்று கலந்தார்கள். 16 அல்லது 32 முகங்கள் கலந்த படம், அதற்குள் இருக்கும் தனி முகங்களின் சராசரி மதிப்பீட்டைவிட அழகாக மதிப்பிடப்பட்டது. 1990இல் வந்த கட்டுரை அது. படம் கலக்கும்போது பருவும் தழும்பும் மறைந்து தோல் வழுவழுப்பாகிவிடுகிறதே, அதனால்தானே என்று உடனே எதிர்ப்பு வந்தது. அந்த ஐயத்தில் நியாயம் இருந்தது. பிறகு வந்தவர்கள் தோலைத் தொடாமல் வடிவத்தை மட்டும் சராசரியை நோக்கி நகர்த்தியும், கோட்டோவியமாகவே வரைந்தும் பார்த்தார்கள். வடிவம் மட்டும் மாறியபோதும் சராசரிக்கு நெருங்கிய முகமே அதிகம் பிடித்தது.

இங்கே சராசரி என்றால் சுமார் அழகு என்று பொருள் இல்லை. மூக்கின் நீளம், கண்களின் இடைவெளி, நெற்றியின் உயரம் இவையெல்லாம் அந்த மக்கள் கூட்டத்தின் நடுவளவில் இருப்பது என்று பொருள். அப்படி எல்லாமே நடுவளவில் அமைந்த முகம் மிக அரிது.

கருவேலன் எழுதியது:

எனக்கு இது ஏற்புடையதாக இல்லை. திரையில் நாம் மறக்காமல் வைத்திருக்கும் முகங்கள் எதுவும் நடுவளவு முகம் இல்லை. பெரிய கண், கூரிய தாடை என்று ஏதோ ஒன்று தூக்கலாக இருக்கிறது. அது நினைவில் நிற்கிறது.

செம்பருத்தி எழுதியது:

கருவேலன் சொல்வது சரி. ஆய்வும் அதைத்தான் சொல்லியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தின் டேவிட் பெரெட் குழு 1994இல் 60 பெண்களின் முகங்களை எடுத்து ஒரு சராசரி செய்தது. அவர்களில் அழகானவர்கள் என்று மதிப்பிடப்பட்ட 15 பேரை மட்டும் வைத்து இன்னொரு சராசரி செய்தது. இரண்டாவது முகம் அதிகம் பிடித்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இன்னும் 50 விழுக்காடு மிகைப்படுத்தியபோது அது இன்னும் அதிகம் பிடித்தது. ஜப்பானிய முகங்களை வைத்தும் இதே முடிவு. எனவே சராசரி ஒரு நல்ல அடித்தளம், அதன் மேல் சில திசைகளில் விலகும் முகங்கள் இன்னும் ஈர்க்கின்றன.

கருவேலன் எழுதியது:

அப்படியானால் என் கருத்தையும் முழுமையாக வைக்கிறேன். சராசரியும் சமச்சீரும் நமக்குப் பிடிப்பதற்குப் பரிணாமக் காரணம் இருக்கிறது. நோயும் மரபணுக் குறையும் வளரும் உடலைக் கோணலாக்கும். கோணல் இல்லாத முகம் நல்ல உடல்நலத்துக்கு அடையாளம். அதைத் தேர்ந்தெடுத்தவர்களின் பிள்ளைகள் பிழைத்தார்கள், அந்த விருப்பம் நமக்கு வந்தது. பிறந்து இரண்டு மூன்று மாதமே ஆன குழந்தைகள்கூடப் பெரியவர்கள் அழகு என்று சொன்ன முகங்களை அதிக நேரம் பார்க்கின்றன. இதைக் காட்டியதும் உங்கள் லாங்லோயிஸ்தான், 1987இல். விளம்பரம் பார்க்காத குழந்தைக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்?

பல்வரிசை எழுதியது:

சமச்சீர் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் 1990களின் தொடக்கத்தில் பிறந்த குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே பின்தொடரும் பெரிய ஆய்வு ஒன்று நடக்கிறது. அதில் 15 வயதான 4,732 பேரின் முகங்களை முப்பரிமாணத்தில் படமெடுத்து, முகத்தின் கோணலுக்கும் சிறுவயதில் வந்த நோய்களுக்கும் தொடர்பு தேடினார்கள். 2014இல் முடிவு வந்தது. தொடர்பு இல்லை. என் நாற்காலியில் உட்காருகிற ஒவ்வொருவருக்கும் முகத்தின் இரு பாதியும் வேறுபடுகின்றன, நலமாக இருப்பவர்களுக்கும்தான்.

செம்பருத்தி எழுதியது:

கருவேலன், பரிணாம விளக்கத்தை நான் தூக்கி எறியவில்லை. ஆனால் அதில் சொல்லப்பட்ட பல செய்திகள் பெரிய அளவில் மறுபடி சோதித்தபோது நிற்கவில்லை. மாதவிடாய்ச் சுழற்சிக்கு ஏற்பப் பெண்களுக்கு ஆண்மை மிகுந்த முகங்களின் மீதான விருப்பம் மாறுகிறது என்று 1999இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வை எத்தனை பாடநூல்கள் சொல்லின! 2018இல் 584 பெண்களை வைத்து, உமிழ்நீரில் ஹார்மோனை அளந்து செய்த ஆய்வில் அப்படி நம்பத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. அந்த 2018 ஆய்வைச் செய்தவர்களில், அத்தகைய மாற்றம் உண்டு என்று முன்பு எழுதியவர்களும் இருந்தார்கள் என்பது எனக்கு மிகவும் மதிப்புக்குரிய செய்தி.

குழந்தைகள் விஷயத்துக்கு வருகிறேன். 2008இல் க்வின் குழுவினர் மூன்று நான்கு மாதக் குழந்தைகளுக்குப் பூனை முகங்களையும் புலி முகங்களையும் காட்டினார்கள். பெரியவர்கள் அழகு என்று தேர்ந்தெடுத்த பூனையையும் புலியையும் குழந்தைகள் அதிக நேரம் பார்த்தன. துணை தேடும் உள்ளுணர்வு புலி முகத்தில் வேலை செய்ய வேண்டியதில்லையே. 2000இல் ஜேமின் ஹால்பர்ஸ்டாட்டும் ஜிலியன் ரோட்ஸும் நாய், பறவை, கைக்கடிகாரம் ஆகியவற்றின் படங்களை வைத்துச் சோதித்தார்கள். தன் வகைக்கு நடுவளவில் இருக்கும் நாயும் பறவையும் கடிகாரமும்தான் அதிகம் பிடித்தன. கடிகாரத்துக்கு மரபணு இல்லை.

என் வாசிப்பில் இதற்கு எளிய விளக்கம் இதுதான். மூளை பார்க்கிற ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் ஒரு நடு உருவத்தைத் தானாகவே சேர்த்து வைத்துக்கொள்கிறது. புதிதாக வருவது அந்த நடு உருவத்துக்கு நெருக்கமாக இருந்தால் அதை அடையாளம் காண்பது எளிது. அந்த எளிமை இனிமையாக உணரப்படுகிறது. பியோத்தர் விங்கியல்மன் குழு 2006இல் புள்ளிக் கோலங்களை வைத்தே இதைக் காட்டியது. அப்படியானால் அடுத்த கேள்வி, ஒருவரின் மூளையில் இருக்கும் நடு உருவம் எங்கிருந்து வந்தது என்பதுதான்.

இருட்டறை எழுதியது:

நான் திருமண ஒளிப்படக்காரன். அந்தப் பெண்ணின் மூக்கு பற்றி எழுத வேண்டும் என்று காத்திருந்தேன். அவள் எப்படி அந்தப் படத்தை எடுத்தாள்? கையை நீட்டித் தானே எடுத்திருந்தால், லென்ஸ் முகத்திலிருந்து ஓரடி இரண்டடி தொலைவில் இருந்திருக்கும். அவ்வளவு அருகில் மூக்கு நுனி, காதைவிட லென்ஸுக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது. அருகில் இருப்பது பெரிதாக விழும். 2018இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக மருத்துவர்கள் இதைக் கணக்கிட்டார்கள். ஓரடித் தொலைவில் எடுத்தால் மூக்கின் அடியகலம் ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதலாகத் தெரிகிறது. ஐந்தடித் தொலைவில் அந்தப் பிழை இல்லை. அந்தச் செயலி அளந்தது கைநீளத்தை.

இன்னொன்றும் உண்டு. படத்தைக் கொடுத்தவுடன் மணமகள் "நான் இப்படியா இருக்கிறேன்?" என்று முகம் சுளிப்பார், பக்கத்தில் நிற்கும் தோழி "அச்சு அசல் நீதான், நன்றாக இருக்கிறது" என்பார். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். நம் முகத்தை நாம் கண்ணாடியில், இடம் வலமாகத்தான் பார்த்துப் பழகியிருக்கிறோம். 1977இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சில பெண்களுக்கு, அவரவர் படத்தையே நேராகவும் இடம் வலம் மாற்றியும் காட்டினார்கள். அந்தப் பெண்களுக்குப் பெரும்பாலும் மாற்றிய படமும், அவர்களின் தோழிகளுக்கு நேரான படமும் பிடித்தன. முகம் ஒன்றுதான், பழக்கம் வேறு.

வைகைக்கரை எழுதியது:

ஓரடித் தொலைவு கணக்கு எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. இருட்டறை அண்ணா, மிக்க நன்றி. ஐந்தடியில் வேறொருவர் எடுத்த படம் வேண்டும் என்று அவளிடம் சொல்கிறேன்.

நெய்தல் எழுதியது:

செம்பருத்தி அக்கா, பழக்கம் என்று இருட்டறை அண்ணா சொன்னதும் நீங்கள் நடு உருவம் என்று சொன்னதும் ஒன்றுதானா? அப்படியென்றால் எங்கே வளர்கிறோமோ அங்கே பார்க்கும் முகங்கள்தான் நம் அழகுணர்வைத் தீர்மானிக்கின்றனவா?

செம்பருத்தி எழுதியது:

பெருமளவு ஆம், நெய்தல். இந்த இழையில் நான் எழுத விரும்பிய மையமான செய்தியே அதுதான்.

ஆஸ்திரேலியாவில் ஜிலியன் ரோட்ஸ் குழு 2003இல் செய்த சோதனையைப் பாருங்கள். கொஞ்ச நேரம் மட்டும், உள்ளே நசுங்கியது போலவோ வெளியே உப்பியது போலவோ மாற்றிய முகங்களைக் காட்டினார்கள். பிறகு எந்த முகம் இயல்பு, எது அழகு என்று கேட்டார்கள். பார்த்த கோணலின் பக்கமாகவே இயல்பும் அழகும் சேர்ந்து நகர்ந்துவிட்டன. சில நிமிடங்களுக்கே இந்த விளைவு என்றால், நாள் முழுவதும் திருத்திய படங்களைத் திரையில் பார்க்கும் கண்ணுக்கு என்ன ஆகும் என்று நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

அடுத்து, தான்சானியாவின் வடக்கே எயாசி ஏரியைச் சுற்றி வாழும் ஹட்சா மக்கள். வேட்டையாடியும் கிழங்கும் தேனும் சேகரித்தும் வாழ்பவர்கள். ஐரோப்பிய முகங்களை அதிகம் பார்த்தவர்கள் அல்லர். கோரன் அபிசெல்லாவும் உடனிருந்தவர்களும் ஐந்து முகங்கள் கலந்த படத்தையும் இருபது முகங்கள் கலந்த படத்தையும் இணையாகக் காட்டி எது அழகு என்று கேட்டார்கள். ஹட்சா முகங்களில் இருபது கலந்ததையே ஹட்சா மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஐரோப்பிய முகங்களில் அவர்களுக்கு அப்படி விருப்பம் எதுவும் இல்லை. பிரிட்டனில் இருந்தவர்களுக்கு இரண்டு வகையிலும் இருபது கலந்தது பிடித்தது. 2007இல் வந்த இந்தச் சிறிய கட்டுரை என் பார்வையை முழுமையாக மாற்றியது. சராசரியை விரும்பும் இயல்பு அங்கும் இருக்கிறது. ஆனால் எதனுடைய சராசரி என்பதைக் கண் பார்த்த முகங்கள்தான் நிரப்புகின்றன.

மூன்றாவது, இரட்டையர்கள். 2015இல் லாரா ஜெர்மைன் குழு ஒரே மரபணு கொண்ட 547 ஒத்த இரட்டையர் இணைகளுக்கும், சாதாரண உடன்பிறந்தவர் அளவுக்கே மரபணு ஒத்த 214 ஒவ்வா இரட்டையர் இணைகளுக்கும் ஒரே முகங்களைக் காட்டி மதிப்பிடச் சொன்னது. முக விருப்பத்தில் ஆளுக்கு ஆள் வரும் வேறுபாட்டை விளக்கியது பெரும்பாலும் மரபணு அல்ல. ஒரே வீட்டில் வளர்ந்ததும்கூட அல்ல. ஒவ்வொருவரும் தனியாகப் பெற்ற அனுபவம்: பழகிய நண்பர்கள், காதலித்தவர்கள், பார்த்த முகங்கள்.

கருவேலன் எழுதியது:

ஹட்சா ஆய்வு வலுவானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றை நீங்கள் அழுத்திச் சொல்லவில்லை. ஒரு நாட்டவர் மற்றொரு நாட்டவரின் முகங்களை மதிப்பிடும்போதும் ஒத்த கருத்து மிக அதிகம். 2000இல் லாங்லோயிஸ் குழுவே பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியது இது. எல்லாம் பழக்கம்தான் என்றால் அந்த ஒற்றுமை எங்கிருந்து வருகிறது?

செம்பருத்தி எழுதியது:

நல்ல கேள்வி. அந்தத் தொகுப்பில் இருந்தவை பெரும்பாலும் பலருடைய மதிப்பெண்களைச் சேர்த்துச் சராசரி எடுத்து ஒப்பிட்ட எண்கள். கூட்டத்தின் சராசரியும் இன்னொரு கூட்டத்தின் சராசரியும் ஒத்துப்போவது எளிது. அதற்குள் தனி மனிதர்களின் வேறுபாடு அடங்கிப்போகிறது. யோஹானஸ் ஹோனகாப் 2006இல் தனி மனிதர்களைப் பிரித்துக் கணக்கிட்டார். எல்லோருக்கும் பொதுவான ரசனை ஏறத்தாழ பாதி, ஒவ்வொருவருக்கும் சொந்தமான ரசனை ஏறத்தாழ பாதி என்று வந்தது. பொதுவான பாதியில் உங்கள் பரிணாமத்துக்கும் இடம் உண்டு, எல்லோரும் ஒரே படங்களைப் பார்த்துப் பழகியதற்கும் இடம் உண்டு. ஒரு செயலி அதிகபட்சம் அந்த முதல் பாதியைத்தான் தொட முடியும்.

நெய்தல் எழுதியது:

அப்படியானால் நிறம்? எங்கள் வீட்டில் வரன் பார்க்கும்போது மூக்கையோ தாடையையோ யாரும் அளப்பதில்லை, நிறத்தைத்தான் கேட்கிறார்கள். என் தங்கை அதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தாள். எனக்கு அது ஆறவில்லை.

செம்பருத்தி எழுதியது:

தோலைப் பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருவது நிறத்தின் சீர்மை. பெர்ன்ஹார்ட் ஃபிங்கும் கார்ல் கிராமரும் பால் மேட்ஸும் 2006இல் ஒரே முக வடிவத்தின் மீது வெவ்வேறு வயதுப் பெண்களின் தோல் நிறப் பரவலை மட்டும் பொருத்திக் காட்டினார்கள். திட்டுத்திட்டாக இல்லாமல் ஒரே சீராக இருந்த தோல் இளமையாகவும் அழகாகவும் மதிப்பிடப்பட்டது. கருத்த தோலும் சீராக இருக்கும், வெளுத்த தோலும் திட்டாக இருக்கும்.

வெளுப்பு மீதான ஆசை சமூகத்தில் ஊறியது. சங்கப் பாடல்களில் தலைவியின் அழகு மாந்தளிர் போன்ற மாமை நிறம், பிரிவுத் துயரில் வெளிறிய பசலை படர்ந்து அது கெடுவதுதான் அவள் துயரம். இதே மண்ணில் பிறகு சிவப்பே அழகு என்று ஆனது. 'ஃபேர் அண்ட் லவ்லி' 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்தது. 2020இல் பெயரிலிருந்து ஃபேர் என்ற சொல் நீக்கப்பட்டது. இடைப்பட்ட 45 ஆண்டுகளில் எத்தனை முகங்கள் இதே செய்தியோடு நம் கண்ணில் பதிந்திருக்கும்! கண்ணுக்குப் பழக்கியதைக் கண் அழகு என்கிறது. அது கற்றது என்பதால் உங்கள் தங்கைக்கு வலி குறையாது, தெரியும். ஆனால் அவள் நிறத்தில் குறை என்று சொல்ல அறிவியலில் இடமே இல்லை.

கரும்பலகை எழுதியது:

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்துவருகிறேன். நான் நடுநிலைப்பள்ளி ஆசிரியை. என் கேள்வி வேறு. அழகு என்பது பாதி பழக்கம் என்றால், அதை வைத்து நாங்கள் பிள்ளைகளைத் தரம் பிரிக்கிறோமா? அப்படி ஆய்வு ஏதும் உண்டா?

செம்பருத்தி எழுதியது:

உண்டு, டீச்சர். 1973இல் மார்கரெட் கிளிஃபோர்டும் எலேன் வால்ஸ்டரும் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு மாணவரின் தேர்ச்சி அறிக்கையை அனுப்பினார்கள். அறிக்கை எல்லோருக்கும் ஒன்றே. அதில் ஒட்டிய படம் மட்டும் வேறு. அழகான குழந்தையின் படம் இருந்தால், அந்தக் குழந்தை அதிக அறிவுள்ளது, மேலே படிக்கும், பெற்றோர் அக்கறையுள்ளவர்கள் என்று ஆசிரியர்கள் மதிப்பிட்டார்கள். எதிர்பார்ப்பு அங்கே தொடங்குகிறது. டேனியல் ஹாமர்மெஷும் ஜெஃப் பிடிலும் 1994இல் ஊதியத்தை ஆராய்ந்தபோது, அழகு குறைவு என்று மதிப்பிடப்பட்டவர்கள் 5 முதல் 10 விழுக்காடு வரை குறைவாகச் சம்பாதித்தார்கள்.

கவனமாக இருங்கள் என்று சொல்வது மட்டும் போதாது. ஜானின் வில்லிஸும் அலெக்சாண்டர் டோடோரோவும் 2006இல் முகங்களை நொடியில் பத்தில் ஒரு பங்கு மட்டும் காட்டினார்கள். அதற்குள்ளேயே அழகு, நம்பகம், திறமை எல்லாவற்றையும் தீர்ப்பிட்டுவிட்டார்கள். நேரம் கூடக் கொடுத்தபோது தீர்ப்பு பெரிதாக மாறவில்லை, தங்கள் தீர்ப்பின் மீதான உறுதிதான் கூடியது. எண்ணிப் பார்ப்பதற்கு முன்பே நடந்துவிடுவதை எண்ணம் தடுக்காது. முகம் கண்ணில் படாமல் வைப்பதுதான் வழி.

கரும்பலகை எழுதியது:

பொதுத்தேர்வு விடைத்தாளில் பெயர் தெரியாது, வேறு பள்ளி ஆசிரியர்தான் திருத்துகிறார். அதில் எனக்கு அச்சம் இல்லை. வகுப்புத் தேர்வுத் தாள்களில் இனிப் பெயரைக் கடைசிப் பக்கத்தில் எழுதச் சொல்லப்போகிறேன். சிக்கல் வாய்மொழித் தேர்விலும் செய்முறையிலும்தான், அங்கே பிள்ளை எதிரிலேயே நிற்கும். என்ன சொன்னால் எத்தனை மதிப்பெண் என்பதை முன்பே எழுதி வைத்துக்கொண்டு, காதில் விழுந்ததை மட்டும் குறித்துப் போட்டால் எவ்வளவு தூரம் உதவும்?

செம்பருத்தி எழுதியது:

ஓரளவு நிச்சயம் உதவும், டீச்சர். அளவுகோல் முன்பே எழுதப்பட்டிருந்தால் முகம் நிரப்பக்கூடிய வெற்றிடம் குறையும். முடிந்தால் பதிலைக் கைபேசியில் ஒலிப்பதிவு செய்து, சக ஆசிரியர் ஒருவரிடம் பெயர் சொல்லாமல் கொடுத்து அவரையும் மதிப்பிடச் சொல்லுங்கள். இரண்டு மதிப்பெண்ணும் அதிகம் விலகும் பிள்ளைகள் யார் என்று பாருங்கள்.